நான்காவது லைனுக்குப் போகவிருக்கும் மகனுக்கு

தம்பி,

நீ பூப்பந்து விளையாடப் போயிருக்கிறாய். அப்பா கால்பந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிள்ளானில் வெயில் கண்ணைக் குத்துகிறது. நாளைக் காலை நீ எங்கள் கம்பெனிக்கு, வேலைக்கு வருகிறாயா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். நேற்று நீ காரில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன், அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலப் படிப்பை முடித்துவிட்டு, இதே மாதிரி வேலைகளுக்குக் கிளம்பி நிற்கும் மற்ற பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். ஆனால் பேச்சு உன்னோடுதான்.

நேற்று பிரிக்பீல்ட்ஸில் உனக்கு வேலைக்குப் போடச் சட்டைகள் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டுவதற்குள் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. நீ ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டாய்: “மா, ஒன்னு கேக்கவா? நான் சின்னப் புள்ளையா இருந்ததுலேர்ந்து புகையக் கொறைக்கிறோம், கேஸக் கொறைக்கிறோம்னு சொல்றீங்க. உண்மையச் சொல்லுங்க, கொறைஞ்சிச்சா இல்லையா?” பின் சீட்டிலிருந்து அப்பா முந்திக்கொண்டார். “ஒங்கம்மா கொறைச்சிருந்தா நம்ம வீட்டு கரண்ட் பில் ஏன் லா ஏறுது?” நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான், “லோரி வருது, பாத்து ஓட்டு” என்றேன். அந்த லோரி நம்மைப் போலவே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நீ என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வானொலியைத் திருப்பினாய்.

பதில் இதுதான்: குறையவில்லை. கூடியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடத்தைவிட இன்று எங்கள் தொழிற்சாலை பல மடங்கு அதிகமாகப் புகையும் வாயுவும் வெளியே விடுகிறது. நான் ஒவ்வொரு வருடமும் குறைத்தேன் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பாதி வாழ்க்கை போய்விட்டது. உனக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது.

நீ பாலர் பள்ளியில் இருந்தபோது நான் அங்கே சேர்ந்தேன். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த எனக்குக் கறியில் உப்பு சரியா, ரொட்டி சானாய் மாவில் ஈரப்பதம் சரியா என்று பார்க்கும் ஆய்வக வேலை. பாதி வேக வைத்து உறைய வைத்த ரொட்டியும், பையில் அடைத்த கோழிக் கறியும்தான் அன்றும் இன்றும் எங்கள் சரக்கு. எரிபொருள், தண்ணீர், கழிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளில்லை, யாருக்கும் அது வேண்டியதாகவும் இல்லை. முதலாளி அதையும் என் தலையில் கட்டினார். பாஸ் சீனர் என்றாலும் ரப்பர் தோட்டத்தில் நம்மவர்களோடு வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார் என்பது உனக்குத் தெரியும். “மேடம், ஒங்களுக்குப் பெரிய வேல இல்ல லா. புகை வந்தா என்கிட்ட சொல்லுங்க” என்றார். அப்போது பாய்லர் கெட்டியான எண்ணெயில் ஓடியது. புகை சொல்லாமலே வந்தது. பக்கத்துக் கிராமமான கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்கார அக்கா, துவைத்துக் காயப்போட்ட வெள்ளை பாஜு குரோங் உடையைக் கொண்டுவந்து கேட்டில் நின்றார். துணி முழுக்கக் கரிப்பொட்டு. திட்டவில்லை. விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு நான் பாஸை விடவில்லை. எண்ணெயை நிறுத்தி இயற்கை எரிவாயுவுக்கு மாறினோம். கரி நின்றது. அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு அந்த அக்கா ஒரு டப்பா நிறைய பலகாரம் அனுப்பினார், நீதான் பாதியைத் தின்றாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எரிவாயு எண்ணெயைவிடக் குறைவாக வெளியே விடுகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது போய்விட்டதால், கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி எங்களிடம் புகார் சொல்ல அதன் பிறகு ஒருவருமே வரவில்லை. வானத்துக்குப் போவதைத் துணியில் பிடித்துக் காட்ட முடியாது அல்லவா?

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் என்னுடைய நல்ல காலம். கறி வேகும் பாத்திரங்களிலிருந்து வீணாகும் வெந்நீரை மறுபடி பாய்லருக்கே அனுப்பினோம். நீராவிக் குழாய்களுக்குக் கனமாக உறை போட்டோம். ஒரு டன் சரக்கு செய்ய எவ்வளவு எரிகிறது என்று வரைந்த கோடு வருடா வருடம் இறங்கியது. இரவெல்லாம் காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குச் சூடு இறங்குவதைத் தொட்டுப் பார்க்கும் சந்தோஷம் அது. ஷா ஆலமில் ஒரு விழாவில் எனக்குக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். அப்பா அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “சாமியும் கொஞ்சம் பாத்துக்கிடட்டும்” என்றார். நீ பள்ளிக்கூடத்தில், எங்கம்மா பூமியைக் காப்பாற்றுகிறார் என்று கட்டுரை எழுதினாய். ஆசிரியை உன்னை எழுப்பி நிற்க வைத்து வாசிக்கச் சொன்னார் என்று வீட்டுக்கு வந்து குதித்தாய்.

ஒருநாள் பாஸ் என்னைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. “மேடம், ஒங்களால எவ்ளோ மிச்சம் தெரியுமா? ஒரு ரொட்டி இப்ப எவ்ளோ மலிவா செய்றோம் தெரியுமா? நம்மள மாதிரி யாரும் விக்க முடியாது லா. நீங்க மிச்சம் புடிச்சீங்க, நான் லைன் வாங்கிட்டேன்!” அது இரண்டாவது லைன், மாவு பிசைவதிலிருந்து உறைய வைப்பதுவரை புதிதாக ஒரு முழு இயந்திர வரிசை. திறப்பு விழாவுக்குச் சிங்க நடனம் வந்தது, நம்மவர்களுக்காகத் தேங்காயும் வைத்திருந்தார்கள். தேங்காயை மேடம்தான் உடைக்க வேண்டும் என்று பாஸ் பிடிவாதம் பிடித்தார். ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது லைனுக்கும் நான்தான் உடைத்தேன். இரண்டாம் முறை கையில் தேங்காயோடு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பிடித்த மிச்சம் எங்கேயும் சேர்ந்து கிடக்கவில்லை. அது அப்படியே புதிய அடுப்பாகவும் புதிய ஃபிரீசராகவும் மாறி என் எதிரே மாலை போட்டுக்கொண்டு நின்றது. நான் குறைக்காமல் சும்மா இருந்திருந்தால் அந்த லைனை வாங்க அவருக்குத் தெம்பு வந்திருக்காது. ஆனால் பக்கத்திலே வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். இப்படியே யோசித்துக்கொண்டு போனால் தலைதான் வலிக்கும். தேங்காயை உடைத்தேன். கை தட்டினார்கள்.

எவ்வளவு கூடியது என்பதை உனக்குக் காட்ட என்னிடம் ஒரு எளிய அளவு இருக்கிறது. பாய்லர் பார்க்கும் மணியம் அண்ணனை உனக்கு நினைவிருக்கும், ஆயுத பூஜைக்கு உனக்கு அவல் கடலை பொட்டலம் கட்டிக் கொடுப்பவர். முதல் லைன் மட்டும் இருந்த காலத்தில் அன்றைக்குப் பாய்லரை முழுக்க அணைத்துவிடுவார். “வருசம் பூரா ஒழைக்கிறா, இன்னிக்கு ஒரு நாள் தூங்கட்டுமே லா” என்பார். ஆறின இரும்பில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போடுவார். இரண்டாவது லைன் வந்த பிறகு அது அரை நாள் ஆனது. மூன்றாவது வந்ததும் அணைப்பதே நின்றுவிட்டது. எரிகிற பாய்லரின் மேல் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்தது, மாலை கருகி நாற்றமடித்தது. இப்போது பாய்லர் அறையின் கதவுக்குத்தான் பூஜை. போன வருடம் மணியம் அண்ணன் கதவுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே என்னைச் சீண்டினார்: “என்னா மேடம், ஒங்க கோடெல்லாம் கீழ போவுதுன்றீங்க, இவளுக்கு மட்டும் லீவு இல்லியா?” நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இருவருக்கும் வேலை இருந்தது.

ஃபிரீசரைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன்னைப் போன்றவர்கள் பாய்லரையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பழைய ஃபிரீசர்களுக்குள் ஓடும் குளிரூட்டும் வாயு எங்கேயாவது ஒரு மூட்டு வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். மணமில்லை, நிறமில்லை. குளிர் குறைந்தால் ஆள் வந்து சிலிண்டரிலிருந்து நிரப்பிவிட்டுப் போவார். ரிப்பேர் என்று எழுதிக்கொள்வார்கள். கணக்கில் அது புகை இல்லை, ரிப்பேர். வெகு காலம் கழித்து, அந்த ஒரு சிலிண்டர் வாயு வானத்துக்குப் போனால் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் கார் நீ பிறந்ததிலிருந்து இன்றுவரை விட்ட புகையை அதன் பக்கத்தில் வைத்தால்கூட ஈடாகாது போலிருந்தது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன், சரியாகத்தான் இருந்தது. அதையும் சேர்த்து எழுத வைத்தேன். புதிய ஃபிரீசர்களுக்கு வேறு வாயு வாங்க வைத்தேன். பழையவை இன்னும் ஓடுகின்றன, ஏனென்றால் அவை கெட்டுப்போகவில்லை. நன்றாக ஓடும் எதையும் எங்கள் தொழிலில் யாரும் தூக்கிப் போடுவதில்லை. கேட்டால் அதுவும் சிக்கனம்தான்.

இது எங்கள் கம்பெனியின் பாவம் மட்டும் என்று நினைத்துவிடாதே, அப்படியிருந்தால் வேறு கம்பெனிக்குப் போ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் கருத்தரங்கு வைத்தார்கள். பிஸ்கட் செய்பவர்கள், மீன் டின்னில் அடைப்பவர்கள், நூடல்ஸ், பால், சமையல் எண்ணெய், எல்லோரும் வந்திருந்தோம். குளிர்சாதனத்தை அவ்வளவு வைத்திருந்தார்கள், பாதிப் பேர் மேலங்கி போட்டுக்கொண்டு பூமி சூடாவதைப் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொரு கம்பெனியும் எழுந்து டன்னுக்கு இவ்வளவு குறைத்தோம் என்று இறங்கும் கோட்டைக் காட்டியது. கடைசியாக ஒரு இளம் விரிவுரையாளர், நம் தமிழ்ப் பெண்தான், நாட்டின் உணவுத் தொழில் முழுவதையும் சேர்த்து வருட வரிசையாக ஒரே கோடாகப் போட்டார். அது ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஓரிரு இடத்தில் மூச்சு வாங்குவது போலத் தாழ்ந்து, மறுபடி ஏறியது. தேநீர் வேளையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “எங்க எல்லாரோட கோடும் எறங்குதே மா, ஒங்க கோடு மட்டும் எப்படி ஏறுது?” அவர் கறிபாப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். “ஒவ்வொருத்தரும் கொறைச்சாங்க அக்கா, அது சரிதான். ஆனா ஒவ்வொருத்தரும் பெருசாவும் ஆனாங்க லா. கொறைச்சதவிட வேகமா.” “அப்ப என்னா செய்றது?” என்றேன். பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, “சரக்கக் கொஞ்சமா செய்யணும். ஆனா அத இந்த ஹால்ல நான் சொல்ல முடியுமா, சொல்லுங்க?” என்றார். பிறகு தட்டில் மீதியிருந்த கறிபாப்பை என்னிடம் நீட்டினார். இருவரும் தின்றோம்.

வெள்ளம் வந்த வருடத்தை நீ மறக்கமாட்டாய். அன்றிலிருந்துதானே இந்த எரிசக்திப் படிப்பு என்று முடிவு செய்தாய். மழை நிற்கவேயில்லை. தண்ணீர் வீட்டுக்குள் ஏறி, நம் குளிர்ப்பெட்டி மிதந்து கதவில் இடித்தது. நீ என்னைப் படிக்கட்டில் ஏற்றிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் அடுத்த வீட்டு ஆன்டியைத் தூக்கி வரப் போனாய். பள்ளி மண்டபத்தில் தங்கியிருந்தபோது சொன்னாய்: “மா, இத யாராச்சும் நிறுத்தணும். நான் போறேன்.” அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் எந்தத் துளி எந்தப் புகைபோக்கிக்குச் சொந்தம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. தொழிற்சாலையில் மின்சாரம் போய், ஃபிரீசரில் இருந்ததெல்லாம் உருகிவிட்டது. லோரி லோரியாக ரொட்டியையும் கறியையும் கொண்டுபோய்ப் புதைத்தோம். மண்ணுக்குள் அது அழுகும்போது வெளியே விடும் வாயு பாய்லர் புகையைவிட மோசமானது. பிறகு காலியான ஃபிரீசர்களை நிரப்ப வாரக்கணக்கில் இரவு பகலாக ஓட்டினோம். கடைகளில் எல்லோரும் உறைந்த உணவைத்தான் கேட்டார்கள், அடுப்பும் சாமான்களும் போனவர்களுக்கு வேறு வழி? வெள்ளம் எங்களைக் குறைக்கவில்லை, தம்பி. இன்னும் வேகமாக ஓடவைத்தது.

யாரைக் குற்றம் சொல்வது என்று உன் வயதில் தேடுவாய். நானும் தேடினேன். நான் நேரம் கழித்து வரும் நாட்களில் உனக்கு யார் சோறு போட்டது? எங்கள் கம்பெனி ரொட்டிதான். கல்லில் போட்டுத் திருப்பினால் போதும், உனக்கே செய்யத் தெரிந்திருந்தது. “நம்ம வீட்டுக்குள்ளேயே ஒரு கிளை தொறந்துட்டாங்க லா ஒங்கம்மா” என்று அப்பா கிண்டல் செய்வார், செய்துவிட்டு இன்னும் இரண்டு கேட்பார். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அந்தப் பொட்டலம் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். பசியும் கெட்டது இல்லை, மலிவாக விற்பவரும் கெட்டவர் இல்லை, சீக்கிரம் சமைக்க நினைப்பவளும் கெட்டவள் இல்லை. ஒரு கெட்டவன்கூட இல்லாமல் இது இவ்வளவு தூரம் வந்துவிட்டது. கெட்டவன் இருந்தால் சண்டை போடலாம்.

இனி, நேற்று நான் லோரியைக் காட்டிப் பேச்சை மாற்றியதன் காரணத்தைச் சொல்கிறேன். உனக்கு வந்த வேலையின் பெயர் எரிசக்திச் சேமிப்புப் பொறியாளர். பெயரைப் பார்த்து நீயும் அப்பாவும் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள்! நான்காவது லைன் வரப்போகிறது, தம்பி. முழுக்க ஏற்றுமதிக்கு. அப்பா வேலை செய்யும் துறைமுகத்தின் வழியாகவே குளிர்க் கொள்கலன்களில் போகும். மூன்று லைனையும் சேர்த்தால்தான் அதற்கு ஈடாகும். அதற்குக் கடன் கொடுக்கும் வங்கி, பசுமைத் திட்டம் ஒன்றும் அதற்கென்று ஒரு பொறியாளரும் இருந்தால்தான் கொடுப்பேன் என்கிறது. அந்தப் பொறியாளர்தான் நீ. புகையைக் குறைப்பதற்காக உன்னை எடுக்கவில்லை. உன்னை வைத்துத்தான் கூட்டப் போகிறார்கள். நீ நன்றாகவே செய்வாய். டன்னுக்கு எவ்வளவு என்ற கோடு உன் கையில் நான் கண்டதைவிட அழகாக இறங்கும். உனக்கும் கேடயம் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை நான் பாஸிடம் போனேன். “பாஸ், நாலாவது லைன் வேலைல நான் இல்ல. என்னை விட்டுடுங்க” என்றேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து, பேச வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “என்னா மேடம், ஒடம்பு சரியில்லியா? ரொம்ப ஒழைச்சிட்டீங்க. பரவால்ல லா, ரெஸ்ட் எடுங்க. அதான் ஒங்க மகன் வர்றாரே. ஒங்க கை மாதிரியே இருக்கும்.” உண்மையான அன்போடு சொன்னார். என் வாழ்நாளில் நான் ஒரே ஒருமுறை வேண்டாம் என்றேன், அந்த இடத்தில் என் பிள்ளையின் பெயர் ஏற்கனவே எழுதியிருந்தது. எப்படி எழுந்து வந்தேன் என்று நினைவில்லை. மறுநாள்தான் நாம் சட்டை வாங்கப் போனோம்.

அம்மாக்கள் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். எங்கே போனாலும் டன்னுக்கு எவ்வளவு என்று காட்டினால், மொத்தம் எவ்வளவு என்று கேள். அதைக் கேட்டால் அறை அமைதியாகும், அந்த அமைதியில் நீ முதலில் சிரித்துவிடாதே. உன்னைப் பாராட்டும்போது எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்று பார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் உண்மையான கணக்கைச் சொல், கல்யாணம் ஆகிற அன்றைக்கே ஆரம்பித்துவிடு. நான் அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்ததில் எங்களுக்குள் ஒரு அறை பூட்டியே கிடக்கிறது. அவர் அதைக் கிண்டலால் தட்டிக்கொண்டே இருக்கிறார், பாவம். இதையெல்லாம் செய்தால் ஏதாவது மாறுமா என்று கேட்காதே.

நீ போகாவிட்டால் அந்த நாற்காலியில் அடுத்த வாரமே வேறொரு பிள்ளை உட்காருவான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள், புதுச் சட்டை வாங்கிக் கொடுத்திருப்பாள். கடன் வரும், லைன் வரும், தேங்காய் உடைக்க யாராவது இருப்பார்கள். நீ வேறு வேலைக்குப் போனாலும் அங்கேயும் ஏதோ ஒரு கோடு ஏறிக்கொண்டிருக்கும். உன் வீட்டுக்குள்ளும் ஒருநாள் தண்ணீர் வரும். இதையெல்லாம் நான் ஒன்றுக்குப் பத்துமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ மறுப்பதால் ஒரு கைப்பிடி புகைகூடக் குறையாது.

இருந்தாலும் போகாதே, தம்பி. உன் தாயாகக் கேட்கிறேன்: வேண்டாம் என்று சொல்லிவிடு. எதுவும் குறையாது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

அம்மா